நின்றபடி ஒரு கூட்டம், உட்கார்ந்து ஒரு கூட்டம்

1 லட்சம் கோடி ரூபாய்!

ஆராய்ச்சிக்காக இவ்வளவு பெரிய தொகைக்கு மத்திய சர்க்கார் திட்டம் போட்டிருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் மந்திரிசபை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. நவம்பரில் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. தனியார் கம்பெனிகளும் ஆராய்ச்சியில் இறங்க வேண்டும், அதற்கு நீண்டகாலக் கடன் முதலிய உதவிகள் கிடைக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

காரணம் இல்லாமல் இல்லை. நாட்டில் ஓர் ஆண்டில் உண்டாகும் மொத்தச் செல்வத்தில் 100 ரூபாய்க்கு 64 காசுதான் ஆராய்ச்சிக்குச் செலவாகிறது. 2020-21-ம் ஆண்டின் கணக்கு இது. சீனாவில் 2 ரூபாய்க்கு மேல் செலவு செய்கிறார்கள். தென்கொரியாவில் 4 ரூபாயையும் தாண்டுகிறது.

பணம் வந்தால் கட்டடம் எழும்பும். பெட்டி பெட்டியாகக் கருவிகள் வந்து இறங்கும். கம்ப்யூட்டர்களை வரிசையாக வைக்கலாம்.

ஆராய்ச்சி வந்துவிடுமா?

அதற்கு இன்னொன்றும் வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஓர் அறை, ஒரு கரும்பலகை, சில நாற்காலிகள். வாரந்தோறும் அதே கிழமையில், அதே நேரத்தில் கூடி, செய்த வேலையைப் பற்றி மனம்விட்டுப் பேசும் சில பேர். பேர்பெற்ற ஆராய்ச்சிக்கூடங்கள் பலவற்றுக்கு இந்தக் கூட்டம்தான் அச்சாணியாக இருந்திருக்கிறது. சென்னையில் ஒரு முறை, கூட்டம் முதலில் வந்தது. கட்டடம் பிறகுதான் வந்தது!

இந்தச் சங்கதியை ஒரகடத்தில் இருந்து பார்த்தால் நன்றாக விளங்கும்.

சக்கரத்தின் மேல் கம்ப்யூட்டர்

வண்டலூரில் இருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் ஒன்றை ஒன்று வெட்டும் இடம் ஒரகடம். அங்கே 2010-ல் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-ல் டெய்ம்லர் லாரி தொழிற்சாலை வந்தது. 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. டயர் செய்கிறார்கள். உதிரி பாகங்கள் செய்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் செல்போன் தொழிற்சாலைகள்.

கார் என்றால் இரும்பும் ரப்பரும்தான் என்று இருந்த காலம் மலையேறிவிட்டது. இன்றைய காருக்குள் டஜன் கணக்கில் சிறிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பிரேக்கை மிதித்தால் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்று. கார் மோதினால், கண் இமைப்பதற்குள் காற்றுப்பையை விரிக்க உத்தரவு போடுவது இன்னொன்று. அந்த உத்தரவில் ஒரு வரி தப்பாக இருந்தால் என்ன ஆகும்? விரிய வேண்டிய நேரத்தில் பை விரியாது. விரியக் கூடாத நேரத்தில் விரிந்து தொலைக்கும். காரில் இருப்பவர் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

வாகனங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஒரகடத்திலேயே மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. 'உலக வாகன ஆராய்ச்சி மையம்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சுமார் 300 ஏக்கர். வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் தடம் உண்டு. மோதவிட்டுப் பார்க்கும் கூடம் உண்டு. ரேடியோ அலைகள் பட்டால் வண்டிக்குள் இருக்கும் மின்னணுக் கருவிகள் தடுமாறுகின்றனவா என்று பார்க்கும் கூடமும் உண்டு.

சோதனை இங்கே நடக்கிறது. தயாரிப்பு இங்கே நடக்கிறது. யோசனை எங்கே நடக்கிறது? வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் தலைமை ஆராய்ச்சிக்கூடம் பெரும்பாலும் அவரவர் நாட்டில். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய் கம்பெனி, இந்தியாவில் தன் என்ஜினீயரிங் ஆராய்ச்சிக்கு ஐதராபாத்தைத் தேர்ந்தெடுத்தது.

யோசனை வேறெங்கோ நடந்தால் நமக்கு என்ன, சம்பளம் வந்தால் போதாதா என்று கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பலர் சுற்றுவட்டார கிராமங்களில் இருந்து வந்த இளம்பெண்கள். வீட்டுக்கு முதல் மாதச் சம்பளம் கொண்டுவந்தவர்கள். 2014 நவம்பரில் தொழிற்சாலை மூடப்பட்டது. அந்தக் கட்டடம் பின்னால் வேறு கம்பெனி கைக்குப் போய், மறுபடி வேலை நடந்தது. ஆனால் நடுவில் போன வருஷங்கள் போனவைதான். பொருளைச் செய்யும் இடம் மாறலாம். ஒரு கடிதத்தில் மாறிவிடும். பொருளை யோசிக்கும் ஆட்களை அவ்வளவு சுலபமாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பத்து நிமிடக் கூட்டம்

தொழிற்சாலைகளில் ஷிப்டு தொடங்கும்போது ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளர்கள் நேரே எந்திரத்துக்குப் போவதில்லை. வரிசையாக நிற்கிறார்கள். மேற்பார்வையாளர் பேசுகிறார். நேற்று எத்தனை உருப்படி? எதில் பழுது? இன்று எதைக் கவனிக்க வேண்டும்? யாருக்காவது ஏதாவது தடையா? பத்து நிமிடத்தில் கூட்டம் கலைகிறது.

யாரும் உட்காருவதில்லை. நாற்காலி போட்டால் பேச்சு நீளும் என்பது தெரிந்த விஷயம்!

தொழிலாளர்கள் கூடிப் பேசி வேலையைச் சீர்செய்யும் முறையை ஜப்பான் பெரிய அளவில் வளர்த்தது. 1962-ல் அங்கே 'தர வட்டம்' என்ற முறை தொடங்கியது. இஷிகாவா என்ற பேராசிரியர் அதற்கு முன்னோடி. எந்திரத்தின் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் எந்திரத்தின் குறை தெரியும், அவனையே கூடிப் பேசவிடுங்கள் என்றார்கள். 1980 வாக்கில் இந்தியாவுக்கும் இது வந்தது. ஜப்பானில் தரத்துக்கென்று வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவுதான். ஆண்டு 1998.

1986-ல் டக்கியூச்சி, நோனக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா கார், கேனன் காமிரா முதலியவற்றைப் புதிதாக உருவாக்கிய குழுக்கள் எப்படி வேலை செய்தன என்று ஆராய்ந்தார்கள். ஒருவர் முடித்து அடுத்தவர் கையில் கொடுப்பது பழைய முறை. இந்தக் குழுக்களோ ரக்பி பந்தாட்டக்காரர்கள் மாதிரி ஒன்றாகவே முன்னேறின என்றார்கள். அந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் சேர்ந்து நெருக்குவதற்கு 'ஸ்க்ரம்' என்று பெயர்.

அந்தப் பெயரை அமெரிக்க சாப்ட்வேர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1995-ல் சதர்லாந்து, ஷ்வாபர் என்ற இருவர் அதை ஒரு முறையாக வெளியிட்டார்கள். அதில் முக்கியமான ஒன்று, தினமும் 15 நிமிடக் கூட்டம். நேற்று என்ன செய்தேன்? இன்று என்ன செய்யப் போகிறேன்? எது தடுக்கிறது? பல கம்பெனிகளில் நின்றபடியே பேசுகிறார்கள். இது ஷிப்டுக் கூட்டத்துக்குப் பிறந்த பிள்ளை என்று சொல்ல முடியாது. ஆனால் முகச்சாடை அப்படியே இருக்கிறது. ஒரகடத்தில் வேலை பார்க்கும் அண்ணன் காலையில் நிற்கும் கூட்டமும், பழைய மாமல்லபுரம் சாலையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பி நிற்கும் கூட்டமும் ஒரே ஜாதி.

சர்வகலாசாலைக்குள் நுழைந்தது

அங்கிருந்து அது சர்வகலாசாலைக்குப் போனது. அமெரிக்காவில் மேரிலாந்து சர்வகலாசாலையில் ஹிக்ஸ், பாஸ்டர் என்று இரண்டு கம்ப்யூட்டர் பேராசிரியர்கள். அவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. தொல்லையைச் சொல்வதற்கு முன் ஆராய்ச்சி மாணவர் படும் பாட்டைச் சொல்ல வேண்டும்.

"எங்கள் பெண் பி.எச்.டி. படிக்கிறாள்" என்று ஒரு வீட்டில் சொல்கிறார்கள். பரீட்சை எப்போது என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். பரீட்சை அநேகமாக இல்லை. பாடப்புத்தகமும் இல்லை. யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நாலைந்து வருஷம் மல்லுக்கட்ட வேண்டும். சில சமயம் மூன்று மாதம் ஒரு வழியில் போய், அது முட்டுச்சந்து என்று தெரியும். திரும்பி வர வேண்டும். அதை வீட்டில் சொன்னால் புரியாது. பேராசிரியரிடம் சொல்லக் கூச்சம். பக்கத்து மேஜை மாணவருக்கு இவள் என்ன செய்கிறாள் என்றே தெரியாது. ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் அடிக்கவில்லை. ஆனாலும் மனம் ஒடிந்து போகிறது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உண்டு.

வழக்கமான ஏற்பாடு என்ன? ஒவ்வொரு மாணவரும் வாரம் ஒரு முறை பேராசிரியரைத் தனியாகப் பார்ப்பது. மேரிலாந்திலும் அப்படித்தான் இருந்தது. ஒரு வாரம் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் நேரம் போகும். இன்னொரு வாரம் புதன்கிழமை மாட்டிக்கொண்டவர் அடுத்த செவ்வாய் வரை காத்துக்கிடப்பார். பேராசிரியருக்கோ நாள் முழுவதும் ஒருவர் மாற்றி ஒருவர். மாணவர்கள் ஒருவரை ஒருவர் அறிய வழியே இல்லை.

இருவரும் முறையை மாற்றினார்கள். வாரத்தில் சில நாள், எல்லோரும் சேர்ந்து 15 நிமிடம். ஒவ்வொருவரும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன், அடுத்தது என்ன. அங்கே ஆராய்ச்சி விவாதம் கிடையாது. ஆழமாகப் பேச வேண்டியது இருந்தால், "இன்றைக்குப் பிற்பகல் பார்க்கலாம்" என்று அப்போதே நேரம் குறிப்பார்கள். தேவையானவர்கள் மட்டும் தனியே உட்காருவார்கள்.

பலன் என்ன? பேராசிரியர் நேரம் தேவையான இடத்தில் செலவானது. அதைவிடப் பெரிய பலன் ஒன்று. மற்றவர்களும் தடுமாறுகிறார்கள் என்று ஒவ்வொரு மாணவரும் காதால் கேட்டார். 2010-ல் இருவரும் தங்கள் அனுபவத்தைக் கம்ப்யூட்டர் துறைப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். பல ஆராய்ச்சிக் குழுக்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டன.

நிற்பது மட்டும் போதாது

ஆனால் நின்றபடி பேசும் கூட்டத்தால் எல்லாம் ஆகிவிடாது. தடை எது என்று அது காட்டும். தடையை உடைக்க, உட்கார வேண்டும். நேரம் போவது தெரியாமல் பேச வேண்டும். சண்டையும் போட வேண்டும்.

சண்டை போடுவதற்கென்றே பேர்போன கூட்டம் ஒன்று அமெரிக்காவில் இருந்தது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனி 1970-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் கம்ப்யூட்டர் பிரிவை நடத்தியவர் பாப் டெய்லர். 1973-ல் அங்கே 'ஆல்டோ' என்ற கம்ப்யூட்டர் பிறந்தது. இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் கம்ப்யூட்டரில் கையால் உருட்டும் 'மவுஸ்', திரையில் தெரியும் படங்கள், ஒன்றோடு ஒன்று இணைக்கும் கம்பி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது அந்த ஆல்டோதான்.

வாரம் ஒரு முறை அத்தனை பேரும் ஓர் அறையில் கூடுவார்கள். நாற்காலிக்குப் பதில் தரையில் பஞ்சு மூட்டை போன்ற இருக்கைகள். கூட்டத்துக்கு 'டீலர்' என்று பெயர். சீட்டாட்டத்தில் சீட்டைப் போடுபவருக்கு அந்தப் பெயர். அன்றைக்குப் பேசுபவர்தான் டீலர். விஷயத்தை அவர் வைப்பார். மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள்.

டெய்லர் சண்டையை இரண்டு வகையாகப் பிரித்தார். முதல் வகையில், எதிராளி என்ன சொல்கிறார் என்பதே இருவருக்கும் விளங்காது, கத்துவார்கள். இரண்டாவது வகையில், எதிராளி சொல்வதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல இருவராலும் முடியும். ஆனாலும் கருத்து வேறாக இருக்கும். முதல் வகையை இரண்டாவது வகையாக மாற்றிவிடுவதுதான் தன் வேலை என்று அவர் நினைத்தார். யார் ஜெயித்தார் என்பது அவருக்கு முக்கியம் இல்லை. இந்தச் சூத்திரம் நம் குடும்பச் சண்டைகளுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. சொத்துத் தகராறில் எத்தனை பேர் எதிர்க்கட்சி வாதத்தைத் திருப்பிச் சொல்வார்கள்?

மயிலாப்பூர் வீட்டில்

இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாசாரம், நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் மயிலாப்பூர்க் கதையைக் கேட்க வேண்டும்.

அரசியல் சட்டத்தை எழுதிய குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன். சென்னை சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர். 1957-58-ல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து உயர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் ஓர் ஆண்டு இருந்தார். அங்கே அவரைக் கவர்ந்தது கட்டடம் அல்ல, கருத்தரங்கு. இன்று கண்டுபிடித்ததை நாளை வந்து பேசினார்கள். பெரியவர், சின்னவர் பார்க்காமல் கேள்வி கேட்டார்கள்.

ஊர் திரும்பியதும் அவர் சர்க்காரிடம் கட்டடம் கேட்டுக் காத்திருக்கவில்லை. 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தன் சொந்த வீட்டிலேயே கருத்தரங்கு தொடங்கினார். மாணவர்கள் வந்தார்கள். கரும்பலகையில் எழுதிப் பேசினார்கள். சென்னைக்கு வந்த வெளிநாட்டு விஞ்ஞானிகளும் அந்த வீட்டுக்கு வந்து பேசினார்கள்.

1960 ஜனவரியில் நீல்ஸ் போர் வந்தார். அணுவின் அமைப்பை விளக்கி 1922-ல் நோபல் பரிசு பெற்ற மேதை. கோபன்ஹேகன் நகரில் அவர் நடத்திய நிலையமும் இப்படிப் பேசிப் பேசியே வளர்ந்ததுதான். அவருக்குச் சென்னை மாணவர்களைப் பிடித்துப்போனது. மும்பையில் ஹோமி பாபா நடத்திய பெரிய நிலையத்தைப் பாராட்டியவர், சென்னையின் இந்தச் சின்னக் குழுவையும் சேர்த்தே பாராட்டினார். செய்தி பிரதம மந்திரி நேருவின் காதுக்கு எட்டியது.

அப்போது சென்னை ராஜ்யத்தின் கல்வி மந்திரி சி.சுப்பிரமணியம். அவர் இதில் ஊக்கம் காட்டினார். 1961-ல் நேரு சென்னைக்கு வந்தபோது, அல்லாடியையும் மாணவர்களையும் சந்திக்க ஏற்பாடு செய்தார். நேரு சம்மதித்தார். 1962 ஜனவரி 3-ந் தேதி கணித விஞ்ஞான நிலையம் பிறந்தது. மாநிலக் கல்லூரியில் விழா நடந்தது. அந்தக் கல்லூரியில் படித்து உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி சந்திரசேகர் விழாவுக்கு வந்திருந்தார்.

இன்று அந்த நிலையம் தரமணியில் இருக்கிறது. கணிதம், பௌதிகத்தோடு கம்ப்யூட்டர் விஞ்ஞானமும் அங்கே ஆராய்ச்சித் துறை. வாராந்தரக் கருத்தரங்கும் வளர்ந்த வழக்கம்.

அந்த வீட்டில் ஒரு சிறுவன் இருந்தான். வருகிற போகிற விஞ்ஞானிகளைப் பார்த்தே வளர்ந்தான். அல்லாடியின் மகன் கிருஷ்ணசாமி அவன். வளர்ந்து கணிதப் பேராசிரியரானார். ராமானுஜன் பெயரில் கணிதப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி நடத்தினார்.

ஒரகடத்துக்கு இன்னும் பக்கத்தில், தாம்பரத்தில், வேறொரு கதை நடந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று கணவன் மனைவி இருவர். அவர் புள்ளியியல், இவர் கணிதம். வாசலில் பெண்கள் போடும் புள்ளிக்கோலத்துக்குள் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் இருக்கிறது என்று கண்டவர்கள் இவர்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம், அந்த இலக்கணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லலாம் என்று 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மூன்றாவதாகக் கட்டுரையில் பெயர் போட்டவர் கமலா கிருத்திவாசன். அவர் பின்னால் சென்னை ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் பேராசிரியை ஆனார். அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழு 'சக்தி' என்ற கம்ப்யூட்டர் சிப்பை வடிவமைத்து, 2018-ல் ஓட்டிக் காட்டியது. ஊர் ஒன்றும் வறண்ட நிலம் அல்ல.

பொன்னாடையும் பூச்செண்டும்

பிறகு ஏன் எல்லாக் கல்லூரியிலும் இப்படி நடப்பதில்லை? கூட்டமே நடப்பதில்லையா?

நடக்கிறது. கூட்டத்துக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை!

பந்தல். பதாகை. குத்துவிளக்கு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. புகைப்படம். இவ்வளவும் முடிந்து விருந்தினர் வாயைத் திறக்கும்போது மணி பன்னிரண்டு. "நேரமின்மை காரணமாக" கேள்வி நேரம் ரத்து. நன்றியுரை. சாப்பாடு.

இது விழா. விழா வேண்டாம் என்று யார் சொன்னது? ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கட்டும். ஆனால் இதைக் கருத்தரங்கு என்று கணக்கில் எழுதுவதுதான் கோளாறு. மாணவர் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். ஒன்றும் பேசவில்லை.

வாராந்தரக் கூட்டத்தின் லட்சணம் வேறு. அங்கே பேசுவது விருந்தினர் அல்ல; முறை வைத்து மாணவர்களே பேசுகிறார்கள். போன வாரம் பேசியவர் இந்த வாரம் கேட்கிறார். சில வாரம் தன் வேலையைச் சொல்கிறார். சில வாரம் வேறு யாரோ எழுதிய ஒரு கட்டுரையை எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள், ஒருவர் விளக்குகிறார். வெளியூர் மாநாட்டில் பேசப் போகிறவர், முன்னதாக இங்கே பேசிப் பார்க்கிறார். நண்பர்கள் முன்னால் உளறிவிட்டால் அன்னியர் முன்னால் உளற மாட்டார்.

நடத்துவதற்கு ஒருவர் வேண்டும். அவர் பேராசிரியராகவே இருக்க வேண்டியதில்லை. மூத்த மாணவர் போதும். பட்டியல் போடுவது, இரண்டு நாள் முன்னால் நினைவூட்டுவது, நேரத்துக்குத் தொடங்குவது, நேரத்துக்கு முடிப்பது எல்லாம் அவர் வேலை. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டியதும் அவர்தான். பேசிக்கொண்டே இருப்பவர் பேராசிரியராக இருந்தால் என்ன செய்வது? அங்கேதான் இடிக்கிறது.

நம் வீடுகளில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று பழக்கியிருக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதே பழக்கத்தோடு ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போகிற பிள்ளை, கரும்பலகையில் ஐயா போட்ட கணக்கில் பிழையைக் கண்டாலும் வாய் திறக்காது. வீட்டில் முதல் பட்டதாரியாக இருந்தால் அச்சம் இன்னும் கூடும். "நமக்குத்தான் புரியவில்லை போலும்" என்று சும்மா இருந்துவிடும். இதை மாற்றப் பேராசிரியரால்தான் முடியும். "நான் சொன்னதில் தப்பு எங்கே?" என்று அவரே வாரம் ஒரு தரம் கேட்டால், மூன்றாவது மாதம் ஒரு கை எழும்.

மொழியும் ஒரு தடை. பேச வேண்டியது தெரியும், இங்கிலீஷில் வராது. அதனால் மௌனம். கட்டுரை இங்கிலீஷில் எழுதத்தான் வேண்டும். உலகம் படிக்க வேண்டுமே. ஆனால் வாரக் கூட்டத்தில் தமிழில் கேள்வி கேட்டால் யாருக்கு நஷ்டம்? சிப்பையும் புரோகிராமையும் அப்படியே சொல்லிவிட்டு, மற்றதைத் தமிழில் பேசலாம். கூட்டத்தில் தமிழ் தெரியாதவர் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுக்கலாம்.

முப்பது கிலோமீட்டர்

வண்டலூரில் நின்று மேற்கே பார்த்தால் ஒரகடம் சாலை. கிழக்கே பார்த்தால் கேளம்பாக்கம் சாலை. அந்தக் கிழக்குச் சாலையில் மேலக்கோட்டையூரில் மத்திய சர்க்காரின் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். இருக்கிறது. 2007-ல் தொடங்கிய நிறுவனம். கம்ப்யூட்டரும், பொருள்களை வடிவமைத்துத் தயாரிக்கும் வித்தையும் அங்கே பாடம். மேற்குச் சாலையில் அந்த வித்தையைத் தினமும் செய்கிற தொழிற்சாலைகள். நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் என்ஜினீயரிங் கல்லூரிகள் பல இருக்கின்றன.

தொழிற்சாலை என்ஜினீயர் ஒருவர் மாதம் ஒரு முறை கல்லூரி ஆராய்ச்சிக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? "எங்கள் எந்திரம் திங்கட்கிழமை காலையில் மட்டும் பழுது காட்டுகிறது, ஏன் என்று தெரியவில்லை" என்று அவர் சொல்லலாம். அது ஒரு மாணவருக்கு மூன்று வருஷ ஆராய்ச்சி ஆகலாம். பாடப்புத்தகத்தில் கிடைக்காத கேள்வி அது.

கம்பெனி ரகசியம் வெளியே போய்விடுமே என்று நிர்வாகத்தார் பயப்படுவார்கள். நியாயமான பயம். புது மாடல் காரின் படத்தைக் காட்டச் சொல்லவில்லை. ரகசியம் இல்லாத தொல்லைகள் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் நூறு இருக்கும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். குருவிடம் பெற்ற ரகசிய மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்று வைணவர்கள் போற்றும் ராமானுஜர் பிறந்தது இதே ஸ்ரீபெரும்புதூரில். கம்பெனிகளை அவ்வளவு தூரம் யாரும் போகச் சொல்லவில்லை!

1 லட்சம் கோடியில் இதற்கு ஒரு காசு ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சர்க்காரும் சர்வகலாசாலைகளும் செய்யலாம். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வரும் கல்லூரியிடம், என்ன கருவி வாங்குவீர்கள் என்று கேட்கிறார்கள். எத்தனை பேர், எந்தக் கிழமை கூடுகிறீர்கள், போன மாதம் பேசிய மாணவர்கள் யார் யார் என்றும் கேட்கட்டும். பதில் பொய்யா, மெய்யா என்பதை ஒரு வாரம் சொல்லாமல் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேரத்தையும் யோசித்துக் குறிக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து மாலை ஐந்து மணி என்று வைத்துவிடக் கூடாது. கல்லூரி பஸ் நாலு மணி வாக்கில் கிளம்பிவிடும். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வரும் பெண்கள் அதை விட்டால் இருட்டிய பிறகுதான் வீடு சேர முடியும். வீட்டில் அடுத்த வாரம் போக விடமாட்டார்கள். தொழிற்சாலை என்ஜினீயருக்கோ பிற்பகல் ஷிப்டு மாறும் வேளை பார்க்க வேண்டும். காலை பதினொரு மணி, வகுப்பு அட்டவணைக்குள்ளேயே, வாரம் ஒரு மணி நேரம் என்று வைத்தால் இருவரும் வர முடியும்.